யாருடைய நடைக்கு யார் நடப்பது?

வயதை நாம் அடையாள அட்டையைப் பார்த்து அறிந்துகொள்வதில்லை. கடை வைத்திருக்கும் சகோதரர்களுக்கு இதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஒருநாள் ரசீதைக் கொஞ்சம் எட்டப் பிடித்து எண்ணை வாசிக்கிறோம். ஐம்பது கிலோ சீனி மூட்டை வந்து இறங்கினால் முன்பெல்லாம் கை தானாக முன்னே போகும். இப்பொழுது கண் கடைப் பையனைத் தேடுகிறது. சுஜூதிலிருந்து எழும்பும்போது ஒரு கை தரையை ஊன்றுகிறது. இவையெல்லாம் தொடங்கிச் சில வருஷங்கள் சென்ற பிறகே, ‘நமக்கும் வயதாகிறது போலிருக்கிறது’ என்று வாயால் சொல்லுகிறோம். அதையும், கேட்பவர் மறுத்துப் பேசுவார் என்று எதிர்பார்த்தே சொல்லுகிறோம்.

கடையில் வயதை மறைத்துக்கொள்ள வசதி உண்டு. மூட்டைக்குப் பையன் இருக்கிறான். கணக்குக்குக் கண்ணாடி இருக்கிறது. கால் வலித்தால் கல்லாவில் நாற்காலி இருக்கிறது. மலையில் அந்த வசதிகள் இல்லை. முதுகில் சுமை, முன்னே ஏற்றம், பக்கத்தில் சிநேகிதர். இந்த மூன்றுக்கும் நடுவில் நின்றுகொண்டு ஒருவரும் தம் வயதை ஒளிக்க முடியாது.

நாங்கள் ஐந்து பேர், எல்லோரும் வியாபாரிகள், இருபது வருஷங்களுக்கு மேலாகச் சேர்ந்து மலை ஏறி வருகிறோம். ஒருவர் ஜவுளி, ஒருவர் நாணய மாற்று, ஒருவர் நாசி கண்டார், ஒருவர் புத்தகக் கடை. நமக்கு மளிகையும் மசாலைச் சாமானும். மூத்தவருக்கு வயது 58, இளையவருக்கு 39. ‘நாள் முழுதும் கடையில் நிற்கிற கால் போதாதா, காசைக் கொடுத்து மலையிலும் போய் நிற்கவேண்டுமா?’ என்று நம்மவர்களில் பலர் கேட்பதுண்டு. வாடிக்கைக்காரர் கூப்பிட முடியாத ஓர் இடத்தில் மூன்று நாள் இருந்து பார்த்தவர்களுக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரியும். நாம் இங்கே எடுத்துக்கொண்ட விஷயம் வேறு.

பினாங்கில் இருப்பவர்களுக்குக் கொடிமலையே முதல் பள்ளிக்கூடம். அந்த மலைத்தொடரின் உயர்ந்த முனை 833 மீட்டர்தான். 1923ஆம் வருஷம் ஓடத் தொடங்கிய மலை ரயில், 2011இல் புதிய பெட்டிகள் போட்ட பிறகு, சில நிமிஷங்களில் மேலே கொண்டுபோய் விட்டுவிடும். நடந்து போகிறவர்களுக்குப் பூந்தோட்டத்துப் பக்கத்திலிருந்து ஏறக்குறைய 5 கிலோமீட்டர் தார் ரோடு இருக்கிறது. ரோடுதானே என்று லேசாக நினைக்கக்கூடாது. சில வளைவுகளில் குதிகால் தரையில் படாது. சுபுஹு தொழுதுவிட்டு ஏறி, மேலே ஒரு டீ குடித்துவிட்டு இறங்கி, ஒன்பது மணிக்குக் கடை திறந்த காலம் எங்களுக்கு உண்டு. இப்பொழுது அதே மலைக்குப் போகிற அன்றைக்குக் கடையைப் பையன் திறக்கிறான்.

கொடிமலைக்குப் பிறகு கெடாவில் குனோங் ஜெராய், 1,217 மீட்டர். பிறகு தீபகற்பத்தின் மிக உயர்ந்த மலையாகிய குனோங் தாஹான், 2,187 மீட்டர். மெராப்போ வழியாகப் போனால் ஏறி இறங்க நான்கு நாள் வைத்துக்கொள்ளுகிறார்கள். கூடாரம், அரிசி, அடுப்பு, எல்லாம் நம் முதுகில்தான். சபாவிலுள்ள கினபாலு 4,095 மீட்டர். அங்கே கூடாரம் வேண்டாம். 3,272 மீட்டரில் லாபான் ராத்தாவில் தங்குமிடம் உண்டு. ஆனால் உச்சியில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஐந்தில் மூன்று பங்குதான். பத்து அடி வைத்தால் நின்று மூச்சு வாங்கவேண்டும். வாலிபர்களுக்கும் அப்படித்தான்.

உடம்பைப் பற்றி வைத்தியர்கள் சொல்வதையும் வியாபாரிகள் கணக்காகத் தெரிந்துகொள்வது நல்லது. முப்பது வயதுக்கு மேல், பத்து வருஷத்துக்கு நூற்றுக்கு 3 முதல் 8 பங்கு வரை தசை குறைந்துகொண்டு போகிறதாம். இருதயம் எவ்வளவு வேகமாக அடிக்க முடியுமோ அந்த உச்ச அளவும் வருஷத்துக்கு வருஷம் இறங்குகிறது. நடந்து பழகினால் இந்தத் தேய்மானத்தைத் தாமதப்படுத்தலாம், நிறுத்த முடியாது. ஏறும்போது மூச்சு காட்டிக்கொடுக்கும். இறங்கும்போது முழங்கால் காட்டிக்கொடுக்கும். இறக்கத்தில் ஒவ்வோர் அடிக்கும் தொடைத்தசை உடம்பைப் பிடித்து நிறுத்தவேண்டியிருப்பதால், வயது வந்தவர்களுக்கு இறக்கமே பெரிய சோதனை. ஏற்றத்தில் பின்தங்கினவர் ‘இறக்கத்தில் பிடித்துவிடலாம்’ என்று நினைப்பது கடனை வட்டிக்கு வாங்கி அடைக்கிற மாதிரி.

இனி விஷயத்துக்கு வருவோம். ஐந்து பேர் சேர்ந்து நடக்கும்போது யாருடைய நடைக்கு யார் நடக்கவேண்டும்?

வாலிபத்தில் இந்தக் கேள்வியே எழவில்லை. ஐந்து நடையும் ஏறக்குறைய ஒரே நடை. வயது ஏற ஏற ஐந்து நடையும் ஐந்து விதமாகப் பிரிந்தன. அப்பொழுது பெரும்பாலான கூட்டங்களில் ஒரு வழக்கம் தானாக உண்டாகிவிடுகிறது. பலமுள்ளவர்கள் முன்னே போவார்கள். ஒரு வளைவில் பையை இறக்கி உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, பின்னால் வருகிறவருக்காகக் காத்திருப்பார்கள். அவர் வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தவுடன், ‘வந்துவிட்டாரா, சரி, கிளம்பலாம்’ என்று எழுந்துவிடுவார்கள். அவர்கள் மனத்தில் ஒரு கெடுதியும் இல்லை; காத்திருந்தோம் என்கிற திருப்தியும் இருக்கிறது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால், ஓய்வு வேண்டாதவருக்குப் பத்து நிமிஷ ஓய்வு. ஓய்வு வேண்டியவருக்கு ஒன்றுமில்லை. சந்தையில் கால் கிலோ, அரைக் கிலோவாக வாங்குகிற ஏழைதான் கிலோவுக்கு அதிக விலை கொடுக்கிறான். மலையிலும் அதே வியாபாரம்தான் நடக்கிறது.

மதரஸாவில் ஓதிய நாளில் இமாமத்தின் பாடத்தில் ஒரு விஷயம் சொல்லிக்கொடுத்தார்கள். இமாமாக நிற்பவர் தமக்குப் பின்னால் பலவீனரும் நோயாளியும் வயோதிகரும் அலுவல் உள்ளவரும் நிற்பதை எண்ணித் தொழுகையை நீட்டாமல் நடத்தவேண்டும். அவர்களில் மிகப் பலவீனரின் நிலைக்குத் தக்கபடி நடக்கவேண்டும் என்பது. பிரயாணத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூட்டத்துக்குப் பின்னால் வந்து, தளர்ந்தவர்களை ஊக்கி, நடக்க முடியாதவரைத் தம் வாகனத்தில் ஏற்றிக்கொள்வார்கள் என்பதும் நாம் படித்ததே. பள்ளிவாசலுக்குள் இதை ஒப்புக்கொள்ளாதவர் யார்? இமாம் சூராவை நீட்டினால் முதுகு வலிக்கிறதென்று நிர்வாகத்திடம் போய்ச் சொல்லுகிறவர்களே, வாசலைத் தாண்டியதும் வேகமாக நடக்கிறவன் பின்னால்தான் எல்லோரும் ஓடவேண்டும் என்று நினைக்கிறோம்.

இதற்கு ஓர் ஆட்சேபம் உண்டு, அதை ஒதுக்கிவிடக்கூடாது. மலையில் நேரம் என்று ஒன்று இருக்கிறது. கினபாலுவில் நடுநிசி தாண்டி இரண்டு, இரண்டரை மணிக்குக் கிளம்புகிறார்கள். சாயாட்-சாயாட் சாவடியைக் குறித்த நேரத்துக்குள் கடக்காதவரை மேலே விடமாட்டார்கள். பகல் ஏறினால் மேகம் மூடும், மழை வரும், பாறை வழுக்கும். ஒருவர் மெதுவாக நடப்பதால் ஐந்து பேரும் மழையில் மாட்டிக்கொண்டால் அது நியாயமா? பலவீனர் நடைக்கே எல்லோரும் நடந்தால் ஒருவரும் உச்சியைப் பார்க்கமாட்டார்கள் என்று ஜவுளிக் கடைக்காரர் வாதாடுவார். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது.

நமக்குத் தோன்றுவது இதுதான். மெதுவாக நடப்பவரின் நடை, அந்த மலையைத் தேர்ந்தெடுக்கும் முன்பே கணக்கில் வந்திருக்கவேண்டும். கடையில் உட்கார்ந்து பேசும்போது அவரிடம் ஒன்றும் கேட்காமல் இருந்துவிட்டு, பாதி மலையில் கைக்கடிகாரத்தைக் காட்டுவது நியாயமாகாது. அதேபோல, மெதுவாக நடப்பவரும் தம் நிலையைக் கிளம்பும் முன்பே சொல்லவேண்டும். ‘எனக்கு ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை’ என்று சொல்லிக்கொண்டே வந்து, திரும்பிப் போக முடியாத இடத்தில் உட்கார்ந்துவிடுபவர் மற்றவர்களை அபாயத்தில் வைக்கிறார். கஹ்ஃப் சூராவில் மூஸா (அலை) அவர்கள் தம்முடன் வந்த வாலிபரிடம், இந்தப் பிரயாணத்தில் களைத்துப்போனோம் என்று சொல்லிச் சாப்பாட்டைக் கேட்கிறார்கள். ஒரு நபியே களைப்பை வாய்விட்டுச் சொல்லியிருக்கும்போது, மளிகைக் கடைக்காரருக்கு அதில் என்ன வெட்கம்?

கினபாலுவில் வழிகாட்டி இல்லாமல் ஏற அனுமதி கிடையாது. எங்களுடன் வந்தவர் ஐம்பதைத் தாண்டியவர். எப்பொழுதும் கடைசி ஆளுக்குப் பின்னால்தான் நடந்தார். ‘முன்னே போகிறவருக்கு வழி தெரிகிறது, நான் எதற்கு?’ என்றார். 2015 ஜூன் 5ஆம் தேதி அந்த மலையில் பூகம்பம் வந்தபோது 18 பேர் மாண்டனர். வழிகாட்டிகளும் அவர்களில் உண்டு. மேலே சிக்கிக்கொண்ட நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் பாறை விழுந்துகொண்டிருந்த வழியில் கீழே கூட்டிவந்தவர்களும் அந்த வழிகாட்டிகளே. கடைசி ஆளுக்குப் பின்னால் நடந்து பழகியவர்கள் அவர்கள்.

நடையைவிடச் சுமையின் விஷயம் சிக்கலானது. அதிலும் நம்மைப் போன்ற வியாபாரிகளுக்கு மிகவும் சிக்கலானது.

தாஹான் மலையில் முதல் நாள் கோலா ஜூராமிலிருந்து ஆற்றை மறுபடி மறுபடி கடந்து போகிற சமதரை வழி. இரண்டாம் நாள் ஏற்றம் தொடங்குகிறது. கெம் கோரைத் தாண்டி ஓர் இடத்தில் எங்கள் மூத்தவர், நாசி கண்டார் கடைக்காரர், ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். புத்தகக் கடைத் தம்பி திரும்பி வந்தார்.

“காக்கா, அந்த அரிசியையும் அடுப்பையும் என்கிட்டக் குடுங்க.”

“வேணாம் தம்பி. என் சுமையை நான் கொண்டாந்துருவேன்.”

“பிடிவாதம் பண்ணாதீங்க காக்கா.”

“கினபாலுல போர்ட்டர்கிட்டக் குடுத்தோம். கிலோவுக்கு இத்தனை வெள்ளின்னு கணக்கு முடிஞ்சுபோச்சு. உனக்கு நான் என்னத்தக் குடுக்குறது?”

இந்த வார்த்தை நம் மனத்தில் நெடுநாள் தங்கியது. வாழ்நாள் முழுதும் பிறருக்குக் கொடுத்துப் பழகிய மனிதர் அவர். அவர் கடையில் காசில்லாமல் சாப்பிட்டுப் போனவர்கள் எத்தனையோ பேர். ஒருவரிடத்திலும் அவர் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. அப்படிப்பட்டவருக்கு இரண்டு கிலோ அரிசியை இன்னொருவர் தோளுக்கு மாற்ற மனம் வரவில்லை. கொடுப்பதற்குக் கை நீளமாக இருப்பவர்களுக்கு வாங்குவதற்குக் கை எழும்புவதில்லை. இதை நாம் பெருமை என்று எண்ணிக்கொள்ளுகிறோம். நம்மிடம் வாங்கினவர்களும் ஒருகாலத்தில் அதே மனத்தோடுதானே வாங்கியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்ப்பதில்லை.

தம்பி கெட்டிக்காரர். ஜெராய் மலையில் தமக்குக் கால் பிசகியபோது காக்கா தம் பையைச் சுமந்து இறக்கியதை நினைவூட்டி, ‘அந்தப் பாக்கியை இன்றைக்கு அடைக்கிறேன்’ என்றார். காக்காவும் சிரித்துக்கொண்டு அரிசியைக் கொடுத்துவிட்டார். வியாபாரிக்குப் புரிகிற பாஷையில் பேசிக் காரியத்தை முடித்த தம்பியின் சாமர்த்தியத்தை மெச்சவேண்டியதுதான். ஆனாலும் அந்த நியாயம் நமக்குப் போதவில்லை. பழைய பற்று இருந்தால்தான் வரவு உண்டு என்றால், ஒருகாலத்திலும் பிறர் பையைச் சுமந்திராத ஒருவர் தளர்ந்து நின்றால் என்ன செய்வது? அவரை அங்கேயே விட்டுவிடலாமா?

வேறொரு விதமாகப் பார்க்கலாம். அந்த அரிசி யாருடையது? இரவில் ஐந்து பேரும் தின்னப்போகிற அரிசி அது. காக்காவின் பையில் இருந்ததால் காக்காவின் சுமை என்று பேசிக்கொண்டோம். கிளம்பும்போது தலைக்கு இத்தனை கிலோ என்று சமமாகப் பங்கிட்டது வாலிப காலத்து வழக்கம். 58 வயதுத் தோளுக்கும் 39 வயதுத் தோளுக்கும் ஒரே எடையை வைத்தால் தராசில் சமமாகத் தெரியும். முதுகில் சமம் அல்ல. கூட்டு வியாபாரம் செய்தவர்களுக்கு இது புதிதா? ஒருவர் முதல் போடுகிறார், ஒருவர் உழைப்பைப் போடுகிறார். இரண்டும் ஒரே அளவா என்று எந்தக் கோலாலும் அளக்க முடியாது. ஆனாலும் பங்காளிகள் பங்காளிகளே. நின்று தொழ முடியாதவர் உட்கார்ந்து தொழுகிறார். அவரும் அதே வரிசையில்தான் இருக்கிறார்.

‘வயோதிகர் அனுபவத்தைக் கொண்டுவருகிறார், அதுவே அவர் போடுகிற முதல்’ என்று சிலர் சொல்வார்கள். ஆறு பெருகுமா, கூடாரத்தை எங்கே அடிக்கலாம், எப்பொழுது திரும்பிவிட வேண்டும் என்பதெல்லாம் எங்கள் காக்காவுக்குத் தெரிந்த அளவுக்கு மற்றவருக்குத் தெரியாது என்பது மெய். இருந்தாலும் இந்தப் பேச்சில் ஒரு விஷம் இருப்பதாக நமக்குப் படுகிறது. அந்த அனுபவமும் ஒருநாள் மறதியில் போய்விடுமே. அன்றைக்கு அவர் கணக்கு முடிந்துவிடுமா? ஆதாயம் இருக்கிறவரையில் ஆளை வைத்துக்கொள்வது வேலைக்காரர் விஷயத்திலேயே சரியல்ல என்கிறோம்.

நம் கடைத்தெருவில் இது நடப்பதைப் பார்க்கிறோம். நாற்பது வருஷம் கடையை நடத்திய பெரியவரை, ‘நீங்க ரெஸ்ட் எடுங்க மாமு, நாங்க பார்த்துக்கிறோம்’ என்று பிள்ளைகளும் மருமக்களும் அன்பாகச் சொல்லுகிறார்கள். முதலில் கொள்முதலுக்குப் போகவேண்டாம் என்பார்கள். பிறகு கல்லாவில் உட்காரவேண்டாம் என்பார்கள். பிறகு அவர் மத்தியானத்தில் வந்து கடை முன்னால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, போகிற வருகிறவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். யாரும் அவரை விரட்டவில்லை. எல்லோரும் நல்ல வார்த்தையே பேசினார்கள். நல்ல வார்த்தையாலேயே ஒரு மனிதரை வாசலுக்கு வெளியே கொண்டுவந்து விடலாம். அவருடைய சௌகரியத்துக்காகச் சொல்லுகிறோமா, நம்முடைய வேகத்துக்காகச் சொல்லுகிறோமா என்பதை, சொல்லுகிறவர் தம் நெஞ்சைத்தான் கேட்கவேண்டும்.

எங்கள் நாணய மாற்று நண்பருக்கு இரண்டு வருஷத்துக்கு முன் இருதய இரத்தக் குழாயில் அடைப்பு கண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். செங்குத்தான ஏற்றமே கூடாது என்று வைத்தியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வயது 51. அவரைவிட மூத்த காக்கா இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறார். முதுமை வரிசைப்படி வருவதில்லை. அவரை எப்படிக் கூட வைத்துக்கொள்வது என்று யோசித்து, ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் நால்வரும் கொடிமலைக்கு நடந்து ஏறுவது, அவர் முதல் ரயிலில் வருவது, மேலே ஒன்றாகப் பசியாறுவது என்று ஏற்பாடு செய்தோம். நல்ல ஏற்பாடு என்றே எல்லோரும் நினைத்தோம். மூன்று வாரம் வந்தார். நான்காம் வாரம் வரவில்லை. கேட்டதற்கு, ‘நீங்க வேர்த்துக்கிட்டு வர்றீங்க, நான் குளிச்சு முடிச்சு உக்காந்திருக்கேன். மாப்பிள்ளைக்குக் காத்திருக்கிற மாமனார் மாதிரி இருக்கு’ என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு நமக்குப் பிடிக்கவில்லை.

எங்களுக்குள் விவாதம் நடந்தது. அவருக்காக மலையையே விட்டுவிட்டு எல்லோரும் பூந்தோட்டத்துச் சமதரையில் நடக்கலாம் என்றார் காக்கா. அது அவருக்கே பாரமாகிவிடும், தம்மால் நான்கு பேர் மலையை இழந்தார்கள் என்கிற எண்ணம் அவரைத் தின்றுவிடும் என்றார் ஜவுளிக் கடைக்காரர். இருவர் சொன்னதிலும் சரக்கு இருந்தது. தளர்ந்தவருக்காகப் பலமுள்ளவர் எல்லாவற்றையும் விட்டுவிடவேண்டும் என்று நாம் சொல்லமாட்டோம். அப்படிக் கேட்கவும் தளர்ந்தவருக்கு மனம் வராது. அவர் கேட்பது, தம்மை வைத்துத் தீர்மானம் செய்யும்போது தம்மையும் அந்தப் பேச்சில் உட்காரவைக்க வேண்டும் என்பது. அந்த விவாதத்தை நாங்கள் நால்வரும் அவர் இல்லாத இடத்தில் பேசிக்கொண்டிருந்தோம் என்பதைத் தம்பிதான் எடுத்துச் சொன்னார். அன்று இரவே அவர் கடைக்குப் போனோம்.

அவர் கேட்டுவிட்டு, சமதரையும் வேண்டாம், ரயிலும் வேண்டாம் என்றார். தாஹானுக்கு மறுபடி போகவேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை இருப்பது தமக்குத் தெரியும் என்றார். ‘போங்க. ஆனா யார் எதைத் தூக்குறதுன்னு நான்தான் சொல்லுவேன்’ என்றார்.

சென்ற மாதம் நோன்புப் பெருநாளைக்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து எல்லோரும் நம் கடைக்கு வந்தார்கள். வெங்காயம் நிறுக்கிற பெரிய தராசைக் கொண்டுவரச் சொன்னார். முதலில் எங்கள் ஒவ்வொருவரையும் நிறுத்தார். பிறகு பைகளை நிறுத்தார். காக்காவின் பையில் தூங்குகிற பையும் மாற்று உடுப்பும் மருந்தும் மட்டும். கூடாரம் ஜவுளிக் கடைக்காரருக்கு. அடுப்பும் எரிவாயுவும் தம்பிக்கு. அரிசியை மூன்றாகப் பிரித்தார். முழங்காலைப் பற்றி ஒவ்வொருவரிடமும், எண்ணெய் விற்கிறவர் குப்பியைக் குலுக்கிப் பார்ப்பதுபோல, ஒளிக்க இடங்கொடாமல் விசாரித்தார். நம் பை தராசில் ஏறியதும் முள்ளைப் பார்த்தார். நம்மையும் ஒருமுறை பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் அதிலிருந்து ஒரு கிலோ அரிசிப் பொட்டலத்தை எடுத்துத் தம்பியின் பையில் வைத்தார். நாம் அதைத் திருப்பி எடுக்கவில்லை.